பாட்டுப் பிளேயர் இன்ஸ்டாலரைச் சோதிக்க வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருளாக வரும் பாட்டுப் பிளேயர்களில் புதிய பதிப்பு வெளியாகும் முன், “இன்ஸ்டாலர் தயார், யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு வரி வரும். இன்ஸ்டாலர் என்பது பிளேயரைக் கணினியில் நிறுவும் ஃபைல். சம்பளம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. அப்படிப் போட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களில் நானும் ஒருவன். புதிதாக இதில் இறங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஸ்ட்ராபெரி என்ற பிளேயரை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ்காரர்களுக்குப் பழக்கமான அமரோக் பிளேயரின் 1.4 பதிப்பிலிருந்து 2010-ல் கிளை பிரிந்தது கிளெமென்டைன். கிளெமென்டைனிலிருந்து 2018-ல் பிரிந்தது ஸ்ட்ராபெரி. பாட்டி, மகள், பேத்தி மாதிரி. மகளுக்கும் பேத்திக்கும் திரையில் தெரியும் முகம் கியூட்டி என்ற நிரல் நூலகம், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. குரல் கொடுப்பது ஜிஸ்ட்ரீமர் என்ற இன்னொன்று. இந்த இரண்டு பெயர்களும் கீழே அடிக்கடி வரும். பேச்சு பெரும்பாலும் விண்டோஸைப் பற்றித்தான். தலைவலி அங்கேதான் அதிகம்.

எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. நான் வரலாமா?

தாராளமாக. எழுதியவருக்கு எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்று கை பழகிப்போயிருக்கும். நீங்கள் தடுமாறும் இடம்தான் அவருக்குத் தெரிய வேண்டும். செய்ததை வரிசை மாறாமல் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

பிளேயர் நன்றாக ஓடினால் போதாதா? இன்ஸ்டாலரைத் தனியாக ஏன் சோதிக்க வேண்டும்?

தன் வீட்டு அடுப்படியில் சமைப்பவர் உப்பு ஜாடி எங்கே என்று யோசிப்பதில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போதுதான் எதையெல்லாம் எடுத்துவர மறந்தோம் என்று தெரியும். மென்பொருளை எழுதியவரின் கணினியும் அப்படித்தான். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம், அதாவது நிரல்கள் ஓடத் தேவையான துணை ஃபைல்கள், அங்கே எப்போதோ ஏறியிருக்கும். கியூட்டி முழுசாக இருக்கும். ஜிஸ்ட்ரீமரின் எல்லா ப்ளகின்களும் (தனித்தனியாகச் சேர்க்கும் துணைத் துண்டுகள்) இருக்கும். பிளேயர் அவற்றில் எதையாவது தேடினால் உடனே கிடைத்துவிடும். அதை இன்ஸ்டாலருக்குள் வைக்க மறந்தது வெளியே தெரியவே தெரியாது.

உங்கள் கணினியில்தான் குட்டு உடையும். அந்த ரன்டைமைச் சேர்ந்த ‘விசிரன்டைம் 140’ என்ற டிஎல்எல் ஃபைலைக் காணோம் என்று ஒரு பெட்டி வரும். அல்லது கியூட்டியின் ‘பிளாட்ஃபார்ம்ஸ்’ ஃபோல்டர் விடுபட்டிருக்கும்; பிளாட்ஃபார்ம் ப்ளகினைத் தொடங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பிளேயர் திறக்காமலே போய்விடும். இந்த இரண்டும் மிகப் பழைய, மிகச் சாதாரணமான பிழைகள். இன்னமும் வருகின்றன.

அப்படியானால் எந்தக் கணினியில் சோதிப்பது?

எதுவும் ஏறாத சுத்தமான விண்டோஸில். தினமும் வேலை பார்க்கும் கணினி வேண்டாம். அதில் ஏற்கெனவே பத்து மென்பொருள் ரன்டைம்களைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். ஆபத்தும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களிடம் விண்டோஸ் ப்ரோ இருந்தால் சுலபம். 2019-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ என்ற வசதி அதனுடனேயே வருகிறது. திறந்தால் புத்தம் புது விண்டோஸ், மூடினால் எல்லாம் போய்விடும். ஹோம் பதிப்பில் இது கிடையாது. அவர்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதில் ஒரு விண்டோஸை ஏற்றி, ஏற்றிய கையோடு அந்த நிலையை அப்படியே சேமிக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டாவது முறை இன்ஸ்டால் செய்யும் கணினி சுத்தமான கணினி இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பும் நல்ல சோதனைக் கணினிதான். 4 ஜிபி ராமும் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் இன்ஸ்டாலர் எவ்வளவு நேரம் முழிக்கிறது என்பது எழுதியவருக்குத் தெரியாத செய்தி.

இறக்கிய ஃபைல் சரியானதுதானா என்று எப்படித் தெரியும்?

இறக்கும் இடத்திலேயே எஸ்ஹெச்ஏ-256 என்று, ஃபைலின் கைரேகை மாதிரி, 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் கொடுத்திருந்தால், இறக்கிய ஃபைலுக்கும் அதைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸோடு வரும் கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளை போதும். ஸ்ட்ராபெரிக்கு எம்எஸ்விசி, மின்ஜிடபிள்யூ என்று இரண்டு வகைக் கம்பைலர்களில் (எழுதிய நிரலை ஓடும் ஃபைலாக மாற்றும் கருவிகள்) உருவான இன்ஸ்டாலர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எதைப் போட்டீர்கள் என்று ஃபைலின் முழுப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் நீலப் பெட்டி வந்து “உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்” என்கிறதே, வைரஸா?

அது விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன். ‘இந்த ஃபைலை இதுவரை அதிகம் பேர் இறக்கவில்லை, யார் கையெழுத்திட்டது என்றும் தெரியவில்லை’ என்பதுதான் அதன் பொருள். கையெழுத்துக்கான சான்றிதழ் வாங்க வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் திட்டங்களுக்கு அது பெரிய செலவு. எஸ்ஹெச்ஏ சரம் பொருந்தியிருந்தால் ‘மேலும் தகவல்’ என்பதை அழுத்தி, அப்புறம் ‘எப்படியும் இயக்கு’ என்பதை அழுத்தலாம்.

இதில் சோதிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் ஒரு மறைவான குறியை ஃபைலோடு ஒட்டி வைக்கும். அது என்டிஎஃப்எஸ் என்ற முறையில் வடிவமைத்த டிஸ்க்கில்தான் நிற்கும். வழக்கமான எஃப்ஏடி32 பென் டிரைவில் ஃபைலைப் போட்டு வேறு கணினிக்கு எடுத்துப் போனால் குறி உதிர்ந்துவிடும், நீலப் பெட்டியும் வராது. “எனக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை” என்று சொல்லும் முன் ஃபைல் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்.

என் ஆன்டிவைரஸ் இன்ஸ்டாலரையே அழித்துவிட்டது.

நடக்கும். ஸ்ட்ராபெரி, கிளெமென்டைன், விஎல்சி மூன்றின் விண்டோஸ் இன்ஸ்டாலர்களும் என்எஸ்ஐஎஸ் என்ற கருவியால் கட்டப்பட்டவை. இலவசம், சின்னது, யாரும் பயன்படுத்தலாம். அதனால் வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்துகிறார்கள். சில ஆன்டிவைரஸ்களுக்கு அந்த உறையைப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். எந்த ஆன்டிவைரஸ், என்ன பெயர் சொல்லித் தடுத்தது என்று எழுதி அனுப்புங்கள். அணைத்துவிட்டுத் தொடராதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று: என்எஸ்ஐஎஸ்ஸின் முதல் எழுத்து ‘நல்சாஃப்ட்’. வின்ஆம்ப் செய்தார்களே, அவர்களேதான். தங்கள் பாட்டுப் பிளேயரை ஊருக்கெல்லாம் கொடுக்க அவர்கள் செய்த கருவி இன்று உலகத்தின் பாதி மென்பொருளைச் சுமந்து திரிகிறதோ என்று தோன்றும்.

இன்ஸ்டால் ஆகும்போது எதையெல்லாம் பார்ப்பது?

முதல் முறை ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று எல்லோரும் செய்வதுபோலவே செய்யுங்கள். இரண்டாவது முறை விஷமம் செய்யுங்கள். பாதியில் கேன்சல் அழுத்தி, ப்ரோகிராம் ஃபைல்ஸில் குப்பை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அட்மின் உரிமை இல்லாத கணக்கிலிருந்து ஓட்டுங்கள். அட்மின் கடவுச்சொல்லை அம்மாவோ அண்ணனோ தட்டிக் கொடுத்தால், ஐகான் அவர்கள் கணக்கில் போய் உட்காருகிறதா, உங்கள் கணக்கில் வருகிறதா? திரையின் அளவை 150 சதவீதம் ஆக்கிவிட்டுப் பாருங்கள், பட்டன்கள் வெட்டுப்படுகின்றனவா என்று. பிளேயர் பாடிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுங்கள். மூடச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் பாதி ஃபைலை மாற்றிவிட்டுப் பாதியை விட்டால் அது பிழை.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்துச் சோதிக்கச் சொல்கிறீர்களே, மொழிப்பற்றா?

பற்று இருக்கட்டும், காரணம் வேறு. நம் கையில் இருக்கும் மிக நல்ல ஆயுதம் இது.

விண்டோஸில் பழைய நிரல்கள் எழுத்துகளைக் கையாளும் முறைக்கு ஆன்சி என்று பெயர். ஊருக்கு ஒரு எழுத்துப் பட்டியல்: மேற்கு ஐரோப்பாவுக்கு 1252, ரஷ்யாவுக்கு 1251 என்று. தமிழுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர்; விண்டோஸில் தமிழ் யூனிகோடில் மட்டும்தான் இருக்கிறது. இப்போது பிரான்சிலோ நார்வேயிலோ இருக்கும் ஒருவர், தன் ஊர் எழுத்தில் ஃபோல்டர் பெயர் வைத்துச் சோதித்து, சரியாக ஓடுகிறது என்கிறார். அவருடைய எழுத்து 1252-ல் இருப்பதால் ஓடிவிடும். உள்ளே எங்காவது ஆன்சி ஒளிந்திருந்தாலும் தெரியாது. தமிழ்ப் பெயர் வந்தால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக மாறும். விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறி இருக்கவே கூடாது. ஆக, அந்தப் பாதை திறக்காது. பிழை உடனே வெளியே வந்து நிற்கும்.

செய்யும் விதம்: சோதனைக் கணினியில் ‘கயல்விழி’ என்று ஓர் உள்ளூர்க் கணக்கு தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகளைத்தான் ஃபோல்டர் பெயராக வைக்கும். உள்ளூர்க் கணக்கென்றால் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘கயல்விழி’ என்றே உருவாகும். இனி தற்காலிக ஃபைல்கள் எல்லாம் அந்தத் தமிழ்ப் பெயருக்குள்தான் போகும். என்எஸ்ஐஎஸ் தன் ப்ளகின்களை முதலில் விரித்துப் போடுவதே அந்த ‘டெம்ப்’ ஃபோல்டரில்தான். எனவே சில இன்ஸ்டாலர்கள் முதல் திரையைக் காட்டும் முன்பே விழுந்துவிடும். என்எஸ்ஐஎஸ்ஸே 2016-ல் வந்த 3.0 பதிப்பில்தான் யூனிகோடுக்கு முறையாக வந்தது. அதிலும் பழைய ஆன்சி முறையில் கட்ட வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸின் பிராந்திய அமைப்பில் ‘உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து’ என்று ‘பீட்டா’ போட்ட ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். யூடிஎஃப்-8 என்பது யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை; டிக் இருந்தால் மேலே சொன்ன பிழை மறைந்துகொள்ளும்.

இன்ஸ்டால் ஆகிவிட்டது, பிளேயர் திறக்கிறது. வேலை முடிந்ததா?

பாடுகிறதா? ஜிஸ்ட்ரீமர் துண்டு துண்டான ப்ளகின்களால் ஆனது. பேஸ், குட், பேட், அக்லி என்று அவற்றைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். இதில் ‘அக்லி’ என்பது தரம் குறைந்தது அல்ல, தரம் நன்றாக இருந்தும் காப்புரிமை போன்ற சிக்கல் உள்ளது. எம்பி3-யும் முன்னொரு காலத்தில் அந்தச் சிக்கலில்தான் இருந்தது. அதன் உரிம ஏற்பாடு 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. நமக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், இன்ஸ்டாலரில் ஒரே ஒரு ப்ளகின் விடுபட்டாலும் பிளேயர் அழகாகத் திறக்கும், பட்டியல் காட்டும், எம்பி3 பாடும். எம்4ஏ மட்டும் பாடாது.

அதனால் எம்பி3, ஃப்ளாக், ஆக் வார்பிஸ், ஓப்பஸ், எம்4ஏ, வேவ் ஆகிய ஆறிலும் ஒரே பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். என் சோதனைப் பாட்டு என் ஆச்சி பாடிய தாலாட்டு, கைப்பேசியில் பதிந்தது, 2 நிமிடம் 10 விநாடி. உரிமைப் பிரச்சினை இல்லை, யாருக்கும் அனுப்பலாம். ஆச்சிக்கு மட்டும் தன் குரல் எங்கெங்கே போகிறது என்று தெரியாது.

ஃபைலின் பெயர் ‘தொட்டில் பாட்டு’. தலைப்புக் குறிப்பிலும் அதே பெயர். இதில் இரண்டு நன்மை உண்டு. எம்பி3 ஃபைலுக்குள் தலைப்பு, பாடகர் பெயரை எழுதும் குறிப்புக்கு ஐடி3 என்று பெயர். அதன் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; எழுத்து, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். ‘தொட்டில் பாட்டு’ 43 பைட் வரும். அதைத் திணித்தால் ‘தொட்டில் ப’ என்பதோடு நின்று, பக்கத்தில் ஓர் உடைந்த கட்டம் தெரியும். அப்படித் தெரிந்தால் பிளேயர் புதிய குறிப்பை விட்டுப் பழையதைப் படிக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, ‘தொ’. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் ஃபைல் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து வந்த ஃபைலைப் பிளேயரின் தேடலில் ‘தொட்டில்’ என்று தட்டினால் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அது இன்ஸ்டாலரின் பிழை இல்லை, ஆனாலும் எழுதுங்கள்.

பழைய பதிப்பின் மேலேயே போட்டுப் பார்க்கலாமா?

கட்டாயம். உண்மையான பயனர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போடுவார்கள். பாட்டு நூலகம், எத்தனை முறை கேட்டீர்கள், எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள் என்பதெல்லாம் ஸ்ட்ராபெரியில் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தள ஃபைலில் இருக்கும். புதிய பதிப்பு அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மாற்றிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும் என்று நம்பாதீர்கள்; முன்பே அந்த ஃபைலை நகல் எடுத்து வையுங்கள். போட்டு முடித்ததும் ஆப்ஸ் பட்டியலில் பிளேயரின் பெயர் ஒரு முறைதான் இருக்கிறதா என்று பாருங்கள். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குத் தாவும்போது இரண்டு முறை வருவது வழக்கம், ஏனென்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டுக்கும் தனித்தனி வீடு.

அன்இன்ஸ்டாலையும் சோதிக்க வேண்டுமா?

அதுதான் எனக்கு முதல் வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிளேயரை, பெயர் வேண்டாம், என் சொந்தக் கணினியில் சோதித்தேன். எங்கே நிறுவ என்று கேட்டது. டி டிரைவில் ‘பாட்டு’ என்ற என் ஃபோல்டரைக் காட்டினேன். பாட்டுப் பிளேயர் பாட்டு ஃபோல்டரில் இருக்கட்டுமே என்ற நினைப்பு. உள்ளே தனி ஃபோல்டர் ஒன்றை அது உருவாக்கிக்கொள்ளும் என்று எண்ணினேன். உருவாக்கவில்லை, ஃபைல்களை அப்படியே அங்கே கொட்டியது. மாலையில் அன்இன்ஸ்டால் கொடுத்தேன். பச்சைக் கோடு வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. ஃபோல்டரைத் திறக்கப் போனால் ஃபோல்டரே இல்லை. தாலாட்டு கைப்பேசியில் இன்னொரு பிரதி இருந்ததால் பிழைத்தது. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

காரணம் ஒரே ஒரு வரி. நிறுவிய ஃபோல்டரை உள்ளிருப்பவற்றோடு சேர்த்து அழி என்று அன்இன்ஸ்டாலரில் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதுவது ஆபத்து என்று என்எஸ்ஐஎஸ்ஸின் கையேடே எச்சரிக்கிறது. தான் வைத்த ஃபைல்களைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கடைசியில் ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டும் அழிக்க வேண்டும்.

எனவே சோதனைக் கணினியில் ஒரு ஃபோல்டரில் நான்கைந்து பாட்டுகளைப் போட்டு, அதிலேயே நிறுவி, எடுத்துப் பாருங்கள். பாட்டு மிஞ்ச வேண்டும். நூலகமும் அமைப்புகளும் மிஞ்ச வேண்டும், அல்லது அழிக்கவா என்று கேட்டிருக்க வேண்டும். ‘கயல்விழி’ கணக்கிலும் இதைச் செய்யுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடியாது என்பதால் என்எஸ்ஐஎஸ் அன்இன்ஸ்டாலர் தன் நகலை டெம்ப் ஃபோல்டரில் வைத்து அங்கிருந்துதான் ஓடும். மறுபடியும் தமிழ்ப் பாதை.

மேக், லினக்ஸ்?

மேக்கில் ஆப்பிள் சோதித்துத் தரும் ‘நோட்டரைசேஷன்’ முத்திரை இல்லாத பிளேயர் திறக்காது. முன்பெல்லாம் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு க்ளிக் செய்து திறந்துவிடலாம். 2024-ல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான சிக்கோயா அந்த வழியை அடைத்தது. இப்போது ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’ பக்கத்துக்குப் போய் அனுமதிக்க வேண்டும். எம்1 வரிசை மேக், இன்டெல் மேக் இரண்டிலும் பார்க்க ஆள் வேண்டும். இன்டெல் மேக் வைத்திருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

லினக்ஸில் ஃப்ளாட்பேக் என்ற பொதி வடிவில் வரும் பிளேயர் தன் கூண்டுக்குள் இருக்கும். மியூசிக் ஃபோல்டர் தெரியும், வெளி டிஸ்க்கில் இருக்கும் பாட்டுகள் அனுமதி கொடுக்காதவரை தெரியாமல் போகலாம். நிறுவாமலே ஓடும் ஒற்றை ஃபைலான ஆப்இமேஜ் என்றால், உபுண்டு 22.04-இலிருந்து அதற்கு வேண்டிய ஃப்யூஸ் 2 நூலகம் கூடவே வருவதில்லை. அப்புறம், லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 வடிவ டிஸ்க்கில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறிகள்தான். படம், பாடகர்கள், இசையமைப்பாளர் என்று முழு ஜாதகத்தையும் ஃபைல் பெயரில் எழுதி வைப்பவர்கள் விண்டோஸிலிருந்து நகல் எடுக்கும்போது இதில் இடிப்பார்கள்.

பிழையை எப்படி எழுதி அனுப்புவது? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

“வேலை செய்யவில்லை” என்பதைத் தவிர எது வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் ஒருமுறை அனுப்பியதன் தமிழ் வடிவம் இது:

“விண்டோஸ் 11, 64 பிட், புதிய விர்ச்சுவல் மெஷின். பயனர் ஃபோல்டரின் பெயர் தமிழில். இன்ஸ்டாலரை இருமுறை க்ளிக் செய்தேன். அனுமதி கேட்டது, ஆம் என்றேன். எதிர்பார்த்தது: முதல் திரை. நடந்தது: ‘எழுதுவதற்கு ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்ற பெட்டி, பாதையில் பயனர் பெயருக்குப் பதிலாக ஏழு கேள்விக்குறிகள். ஆங்கிலப் பெயர் கொண்ட கணக்கில் இது வரவில்லை. மூன்று முறையும் இப்படியே. படம் இணைத்துள்ளேன்.”

அவ்வளவுதான். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அனுப்பினாலும் புரியும். அந்த ‘ஏழு’ முக்கியம். ‘கயல்விழி’ பார்வைக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் க, ய, ல, புள்ளி, வ, இகரக் கொக்கி, ழ, இன்னொரு கொக்கி என்று எட்டு. அன்று நான் வைத்திருந்த பெயர் ‘அன்பரசு’. எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். கேள்விக்குறிகளின் எண்ணிக்கை குறிகளோடு பொருந்தியதால், பெயர் எங்கோ ஆன்சி வழியாகப் போய்வந்திருக்கிறது என்று அவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள்.

“என் கணினியில் சரியாக ஓடுகிறதே” என்று பதில் வந்தால்?

கோபப்படாதீர்கள். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். சோதனைக் கணினியின் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து செய்து, இந்த முறை திரையை வீடியோவாகப் பிடித்து அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த பதிப்பின் இன்ஸ்டாலர் வந்ததும் அதே சோதனையைச் செய்து, பழைய புகாரின் கீழேயே ஒரு வரி போடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

சுத்தமான கணினியைத் தயார் செய்ய முதல் தடவை அரை நாள் போகும். அதன் பிறகு ஒரு இன்ஸ்டாலருக்கு ஒன்றரை மணி நேரம், அதில் ஆச்சி 13 நிமிடம் பாடுவார்.